ஒரே தெருவுக்கு இரண்டு படகு

நீளமான பதிவு இது. வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வரி எழுதினேன். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புப் படை எல்லோருக்கும் பொதுவாக, ஆபத்து நேரத்தில் நம்மைப் போன்றவர்கள் குறுக்கே வர முடியாத தனி அதிவேக செல்போன் வலையமைப்பு நாடு முழுக்க வேண்டும் என்று. என் தம்பி மகன் பெங்களூரில் தொலைத்தொடர்புத் துறையில் இருக்கிறான். அடுத்த நிமிடமே அவன் பதில் வந்தது: "பெரியப்பா, 5ஜி வந்தாச்சு. இன்னும் எதுக்குத் தனி லைன்? வருஷத்துல நாலு நாள் வெள்ளத்துக்காக அலைக்கற்றையைப் பூட்டி வைக்கறது வேஸ்ட். செலவுக்குப் பணம் யார் தருவா?" அதன் கீழே பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அதில் நான் பாடம் நடத்தியவர்கள் நான்கு பேர்.

அவன் நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்தவன். ஆனால் இதில் அவன் சொல்வது தப்பு. குழுவில் பதில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் கண்ணால் பார்த்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. மறுநாள் விடியும்போது முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டுவிட்டது. மாடியில் மூன்று குடும்பம். கரண்ட் இல்லை. போனில் சிக்னல் கோடுகள் முதலில் முழுசாக இருந்தன, ஆனால் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. மதியத்துக்கு மேல் கோடுகளும் போய்விட்டன.

3ஆம் தேதி காலை எங்கள் தெருவுக்கு ஒரு படகு வந்தது. கால் மணி நேரத்தில் இன்னொரு படகு. இரண்டும் வெவ்வேறு துறை. இரண்டிலும் கம்பியில்லாக் கருவி இருந்தது, ஆனால் இதில் பேசினால் அதில் கேட்காது. முதல் படகில் இருந்த இளைஞர் தொண்டை கிழியக் கத்தித்தான் "இங்க நாங்க பார்த்துக்கறோம், நீங்க அடுத்த தெருவுக்குப் போங்க" என்றார். மற்றவர்களுக்கு மொழி புரியவில்லை. அவர்களும் எங்கள் தெருவிலேயே ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

அடுத்த தெருவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்கு 4ஆம் தேதி மாலைதான் படகு போனது. அதற்குள் இரண்டு முறை டயாலிசிஸ் தவறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் போய்விட்டார். ஒரு நாள் முன்னால் படகு போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஒரே தெருவில் இரண்டு படகு இருந்தது எனக்குத் தெரியும். அந்தப் படகுக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையில் ஒருவரோடொருவர் பேசும் வழியைக் கொடுக்காதவர்கள் மேல்தான் என் கோபம்.

செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று இத்தனை வருடமாகச் சண்டை போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் மீட்க வந்தவர்களுக்கு ஏன் பொதுவான ஒரு லைன் இல்லை என்று எந்தக் கட்சியாவது கேட்டதா? எந்தத் தேர்தல் அறிக்கையிலாவது பார்த்தீர்களா?

இனி கொஞ்சம் பாடம். என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை.

பேரிடரில் செல்போன் மூன்று காரணத்தால் சாகிறது. ஒன்று, மின்சாரம். டவருக்குக் கீழே இருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதன்பின் டீசல் ஜெனரேட்டர். அது தரையில் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கும், மூழ்காவிட்டாலும் டீசல் கொண்டுபோகச் சாலை இருக்காது. இரண்டு, கேபிள். டவருக்கும் உங்கள் போனுக்கும் நடுவில்தான் காற்று. டவரிலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் பல இடங்களில் கண்ணாடி இழைக் கேபிள்தான். அது அறுந்தால் உங்கள் போனில் கோடு முழுசாகக் காட்டும், பேச முடியாது. மூன்று, நெரிசல். ஒரு டவர் ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய சுமைக்கு ஓர் அளவு உண்டு. ஊரே ஒரே நிமிடத்தில் "பத்திரமா இருக்கியா?" என்று கூப்பிட்டால், அந்தக் கூட்டத்தில் தீயணைப்பு அதிகாரியின் அழைப்பும் ஓர் அழைப்பு. அவ்வளவுதான். அவருடைய அவசரத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மழையைப் படம் பிடித்து அனுப்புவதற்கும் டவருக்கு வித்தியாசம் தெரியாது, நாம் சொல்லி வைக்காதவரை.

"அதுக்குத்தான் வாக்கிடாக்கி இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. அது நல்ல கருவி, கரண்ட் போனாலும் உழைக்கும். ஆனால் அதில் குரல் மட்டும்தான் போகும். எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் என்ற வரைபடம், டிரோன் எடுக்கும் காட்சி, எரியும் கட்டடத்தின் மாடிப்படி எங்கே இருக்கிறது என்ற படம், ஆம்புலன்ஸில் இருப்பவரின் ஈ.சி.ஜி. இவற்றுக்கெல்லாம் பிராட்பேண்ட் வேண்டும். மேலும் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வாங்கிய கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. என் தெருவில் நடந்தது அதுதான்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017இல் எல்லோரிடமும் கருத்துக் கேட்டு, 2018 ஜூனில் அரசுக்குப் பரிந்துரை கொடுத்தது. காவல், தீயணைப்பு, மீட்புப் பணிகளுக்கென்று நாடு தழுவிய ஒருங்கிணைந்த பிராட்பேண்ட் வலையமைப்பு வேண்டும். அதற்கென்று 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் போகவும் வரவும் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸ் ஒதுக்க வேண்டும். நடத்த ஒரு தனி அரசு நிறுவனம் வேண்டும். சில இடங்களில் அரசே அமைக்கலாம், மற்ற இடங்களில் தனியார் வலையமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் சில பகுதிகளில் சோதித்துப் பார்க்கலாம். தெளிவான திட்டம், நம் நாட்டு ஆணையம் போட்ட திட்டம்.

அதே வருடம் நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை கிராமங்களிலிருந்து தகவலே வராமல் தவித்தோமே, நினைவிருக்கிறதா? பரிந்துரைக்கு அப்போது ஐந்து மாதம்தான் வயது, அதனால் அன்றைக்கு மன்னிக்கலாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவு. இத்தனைக்குப் பிறகும் நம் தீயணைப்பு வீரர் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் எடுத்துப் பேசக்கூடிய அப்படி ஒரு நாடு தழுவிய வலையமைப்பு அவர் கையில் இல்லை. இதற்கு மன்னிப்பு கிடையாது.

இனி தம்பி மகன் கேட்ட கேள்விகள்.

"அலைக்கற்றை வேஸ்ட்" என்றான். கண்ணா, 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 2016இல் ஏலம் விட்டார்கள். விலை அதிகம் என்று யாரும் வாங்கவில்லை. 2021இல் மறுபடி விட்டார்கள், அப்போதும் விற்கவில்லை. 2022இல்தான் முதல்முறையாக ஒரு நிறுவனம் வாங்கியது. ஆக ஏறக்குறைய ஆறு வருடம் அது சும்மா கிடந்தது. அதிர்வெண் குறைந்தால் அலை அதிக தூரம் போகும், சுவரையும் நன்றாகத் துளைக்கும் என்று பாடம் நடத்தினேனே, அந்த அருமையான அலைக்கற்றைதான் அது. விலை படியவில்லை என்று கிடக்கலாம், உயிர் காக்க ஒதுக்கினால் மட்டும் வேஸ்டா?

இன்னொன்று. 2021 ஜூனில் அதே 700 பகுதியில் 5 மெகாஹெர்ட்ஸை ரயில் பாதுகாப்புக்காக ரயில்வேக்கு ஏலமில்லாமல் கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. நல்ல முடிவு. ஆக, மனம் வைத்தால் முடியும் என்று தெரிகிறது. ரயிலில் போகும் உயிருக்கு உள்ள மதிப்பு, மாடியில் நின்று கை காட்டும் உயிருக்கும் உண்டு. 2023இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் பேரிடர் மேலாண்மை, உயிரையும் உடைமையையும் காத்தல் போன்ற பணிகளுக்கு ஏலம் இல்லாமல் நேரடியாக ஒதுக்கலாம் என்று முதல் அட்டவணையிலேயே சொல்கிறது. சட்டம் தடுக்கிறது என்ற சாக்கும் இனி இல்லை.

மற்ற நாட்களில் அது சும்மா கிடக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட்நெட் என்று இதற்கென வைத்திருக்கிறார்கள். 20 மெகாஹெர்ட்ஸ். சாதாரண நாளில் மற்ற வாடிக்கையாளரும் அதைப் பயன்படுத்தலாம். ஆபத்து வந்தால் மீட்புப் பணியாளருக்கு முன்னுரிமை. தேவைப்பட்டால் மற்றவர்களை அந்த நொடியே வெளியேற்றிவிடும். ஆம்புலன்ஸ் வரும்போது நாம் வண்டியை ஓரம் கட்டுகிறோமே, அதேதான்.

அவர்களுக்கும் அது சும்மா வந்துவிடவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தெற்குக் கோபுரம் 9.59க்கு விழுந்தது. வடக்குக் கோபுரம் விழ இன்னும் 29 நிமிடம் இருந்தது. மேலே ஹெலிகாப்டரில் சுற்றிய போலீசார் அது விழும் நிலையில் இருப்பதைப் பார்த்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை போலீஸ் அலைவரிசையில் போனது. உள்ளே படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது கேட்கவில்லை, அவர்கள் அலைவரிசை வேறு. வெளியேறச் சொன்ன அவர்கள் துறையின் உத்தரவும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். அதற்குப் பிறகும் சட்டம் போட 2012 ஆனது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட 2017 ஆனது. 16 வருடம். நாமும் அதே கணக்கில்தான் போக வேண்டுமா?

"பணம் யார் தருவா" என்றான். அந்த அமெரிக்கச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. மற்ற அலைக்கற்றையை ஏலம் விட்டு வந்த பணத்திலிருந்து 700 கோடி டாலரை இதற்கு எடுத்து வைத்தார்கள். நாம் 2022இல் 5ஜி ஏலத்தில் விற்றது சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு. காற்று நம் எல்லோருக்கும் பொது. அதை விற்ற பணத்தில் ஒரு பங்கை நம்மைத் தூக்க வருபவர்களுக்குச் செலவழிப்பது தர்மம் இல்லை, கடன்.

"5ஜியே போதும்" என்றான். 5ஜியில் ஒரே வலையமைப்பைப் பல துண்டாகப் பிரித்து ஒரு துண்டை மீட்புப் பணிக்கு வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் டவருக்கே கரண்ட் இல்லை என்றால் எந்தத் துண்டும் உதவாது. அடுத்தது, அந்தத் துண்டு யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படும்? 2018இல் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. அணைக்கப் போன ஒரு தீயணைப்புத் துறையின் கட்டளை வண்டி, மாதத் திட்டத்தில் இணைய இணைப்பு வாங்கியிருந்தது. மாத அளவு தீர்ந்துவிட்டது என்று நிறுவனம் வேகத்தைக் குறைத்துவிட்டது. தீ எரிந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் மின்னஞ்சலில் கெஞ்ச, வந்த பதில் இன்னும் விலை கூடிய திட்டத்துக்கு மாறுங்கள் என்பது. பிறகு நிறுவனம் தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. முன்னுரிமை என்பது சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதப்படாவிட்டால் அது வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தயவில்தான் இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தனி வலையமைப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. பிரிட்டன் தன் பழைய ஏர்வேவ் ரேடியோ அமைப்பை 2019 இறுதியில் மூடிவிட்டுப் புதியதற்கு மாறுவதாகத் திட்டம் போட்டது. அந்தக் கெடு தாண்டிப் பல வருடமாகியும் பழையதை மூட முடியவில்லை. பழையதை வைத்திருக்கும் ஒரே நிறுவனம் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதாகி, கடைசியில் 2023இல் போட்டி ஆணையம் தலையிட்டு விலைக்கு உச்சவரம்பு போட்டது. தென்கொரியாவில் 2014 ஏப்ரலில் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அதன்பின் உறுதியாக நின்று 2021இல் நாடு முழுக்கத் தனி பேரிடர் வலையமைப்பைக் கட்டி முடித்தார்கள். ஆனால் 2022 அக்டோபரில் சியோலின் இடேவோன் சந்தில் கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்த இரவில், துறைகள் ஒன்றோடொன்று பேச அதை முறையாகப் பயன்படுத்தவில்லை என்று பெரிய விமர்சனம் எழுந்தது. கருவி இருந்தது, பழக்கம் இல்லை.

எனவே நான் கேட்பது இதுதான். அலைக்கற்றையும் வலையமைப்பின் மூளையான மையமும் அரசின் கையில் இருக்கட்டும். டவர்களைத் தனியாரிடம் பகிர்ந்துகொள்ளலாம், நாடு முழுக்கப் புதிதாக நடத் தேவையில்லை. ஆனால் முன்னுரிமை சட்டத்தில் இருக்கட்டும். கடலோர மாவட்டங்களிலும் மலை மாவட்டங்களிலும் தேர்ந்தெடுத்த டவர்களில் ஜெனரேட்டர் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், சில நாளுக்கான எரிபொருள் இருக்கட்டும். டவரே விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் நேராகப் பேச வழி இருக்கட்டும். புதியது நிலைத்து நிற்கும்வரை பழைய வாக்கிடாக்கியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை எல்லாத் துறையும் சேர்ந்து அதில் பேசிப் பழகட்டும். முதல் சோதனையைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நடத்துங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு யாரும் காரணம் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்தில் இளைஞர்கள் முகநூலிலும் ட்விட்டரிலும் முகவரி திரட்டி, பட்டியல் போட்டு, சோறு கொண்டுபோனார்கள். உங்களில் பலர் அதில் இருந்தீர்கள். எனக்குப் பெருமை. "அரசு தூங்கியது, மக்கள் எழுந்தார்கள்" என்று நானும் கைதட்டி எழுதினேன். இன்று அந்தப் பதிவைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. நாம் எழுந்தோம் என்று கைதட்டியே, தூங்கியவர்களை எழுப்ப மறந்துவிட்டோம். நம் வாட்ஸாப் உதவி போனில் சார்ஜும் சிக்னலும் உள்ளவனுக்குத்தான் போகும். இரண்டும் இல்லாமல் படுக்கையில் கிடப்பவனைத் தேடிப் போக வேண்டியது சம்பளம் வாங்கும் துறை. அதற்குக் கருவி கொடுக்க வேண்டியது அரசு. அதைக் கேட்க வேண்டியது நாம்.

2023இல் நம் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறி, "இது சோதனை எச்சரிக்கை" என்று செய்தி காட்டியதே, நினைவிருக்கிறதா? மக்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வழி செய்துவிட்டார்கள், பாராட்டுகிறேன். எச்சரிக்கைக்குப் பிறகு ஓடி வருபவனுக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

என் மாணவர்களில் தீயணைப்பில் இருக்கிறீர்கள், காவல்துறையில் இருக்கிறீர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறீர்கள், மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறீர்கள். வேலைக்குப் பாதகம் வரும் என்றால் இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்: கடைசிப் பேரிடர் ஒத்திகையில் உங்கள் கருவியில் மற்றத் துறையோடு பேச முடிந்ததா? மற்றவர்கள் உங்கள் எம்.எல்.ஏ., எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது இதே கேள்வியைக் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

தம்பி மகனுக்கு: உனக்கு இந்தத் தொழில் தெரியும், எனக்குத் தெரியாத பிழை இதில் இருந்தால் கீழே திருத்து. ஏற்றுக்கொள்கிறேன். கட்டைவிரல் போட்ட பதினோரு பேருக்கு: மழைக்காலம் வருகிறது. முழுதாகப் படித்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்